மூன்று மணிக்கு சுகிர்தா வருவாள்

அன்பின் பரலோகப் பிதாவே, கிருபையாய் எங்களுக்குத் தந்த இந்த மத்தியான வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்த வாய் மூடுவதற்குள் ஒரு கண் தானாகத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறது. இரண்டு முப்பத்திரண்டு. இன்னும் இருபத்தெட்டு நிமிடம் ஆலயத்தில் அங்கிகள் வைக்கிற இந்த வெஸ்ட்ரி அறையில், இந்தக் கோரைப்பாயில், நான் முழங்காலில் இருக்க வேண்டும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எங்கள் சபையில் சங்கிலி ஜெபம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஆளுக்கு அரைமணி நேரம். ஒருவர் எழுந்து போகுமுன் அடுத்தவர் வந்துவிட வேண்டும், நடுவில் ஒரு நிமிடம்கூட விடுபடக் கூடாது, விடுபட்டால் சங்கிலி அறுந்தது என்று பெயர். பதினொரு வருஷமாக இரண்டரை மணி என்னுடையது. எல்லாருக்கும் கண் சொருகுகிற நேரம், யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள், எப்சிக்குக் கொடுங்கள், அவள் தூங்கமாட்டாள் என்று அப்போதிருந்த குருவானவரின் மனைவி சொன்னார்கள். அதில் எனக்கு ஒரு கர்வம், சின்னக் கர்வமில்லை. கூட்டத்தில் ஜெபம் பண்ண ஆள் கேட்டால் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள், வார்த்தைக்காக நான் அலைந்ததே கிடையாது. இன்றைக்கு ஸ்தோத்திரம் என்ற சொல்லுக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். உதைத்து உதைத்தும் கிளம்பாத வண்டி மாதிரி. எனக்கு அடுத்து மூன்று மணிக்கு எப்போதும் ரூபி டீச்சர் வருவார்கள். மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருக்கிறார்கள் என்பது தெரியும், அந்த இடத்துக்கு யாரைப் போட்டிருக்கிறார்கள் என்பதை உள்ளே நுழையும்போது கதவில் ஒட்டியிருந்த தாளில்தான் பார்த்தேன். ரூபி என்ற பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் சுகிர்தா என்று எழுதியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் சமாளித்திருப்பேன்.

எதிரே சின்ன மேசையில் ஜெபக் குறிப்பு நோட்டு விரிந்து கிடக்கிறது. முன்பக்கத்திலிருந்து விண்ணப்பங்கள், பின்பக்கத்திலிருந்து ஸ்தோத்திரங்கள். ஒருவருக்கு வெளிநாட்டு வேலை கிடைக்க, ஒருவருக்குக் குடி மறக்க, ஒரு வீட்டில் திருமண காரியம் கைகூட, சர்க்கரைப் புண் ஆற, அரியர்ஸ் தீர. எல்லாவற்றையும் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும், அப்புறம் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் இன்னும் நோட்டைத் திருப்பவில்லை. திருப்பாமலே தெரியும். பின்பக்கத்தில் ஏழாவது வரி, என் கையெழுத்து, பச்சை மை. சகோதரர் எட்வின் அவர்களைக் கொடிய நோயிலிருந்து பூரணமாய்ச் சுகமாக்கினதற்காக. பிப்ரவரி மாதம் எழுதினேன். எழுதியது அப்படியே இருக்கிறது, அடிக்க யாருக்குத் தைரியம் வரும். இன்று காலை ஆறு மணியிலிருந்து எனக்கு முன்னால் பதினேழு பேர் இந்தப் பாயில் முழங்காலிட்டு, என் புருஷன் சுகமானதற்காகப் பதினேழு தடவை நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு எடுத்த ஸ்கேனில் அது திரும்பி வந்திருக்கிறது. இரைப்பையில் பழைய இடத்திலேயே, கூடவே பக்கத்தில் இன்னொன்று. இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். சபையில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. உமக்குத் தெரியும் ஆண்டவரே, ஆனால் பதினேழு நன்றியையும் வாங்கிக்கொண்டு நீர் சும்மாதான் இருக்கிறீர்.

இப்படிப் பேசக் கூடாது. மன்னியும். அந்த மூச்சுமுட்டல் ஆரம்பித்துவிட்டது. மூன்று வாரமாக இது வருகிறது, நேரம் காலம் கிடையாது. பல் தேய்க்கும்போது வருகிறது, பள்ளிக்கூட ஆபீசில் டிசி எழுதும்போது வருகிறது. முதலில் உள்ளங்கை குளிர்ந்துபோகும், அப்புறம் மூச்சு பாதி வழியில் நின்றுகொண்டு மேலேயும் போகாது கீழேயும் வராது. நேற்று ஒரு பிள்ளையின் டிசியில் பிறந்த தேதியில் அன்றைய தேதியை எழுதிவிட்டேன், ஹெச்எம் பார்த்துச் சிரித்துவிட்டு, எப்சி, சுகர் செக் பண்ணியா என்றார்கள். சுகர் இல்லை டீச்சர், பயம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கவலைப்படாதிருங்கள் என்று போட்ட வசனக் காலண்டர் என் மேசைக்கு மேலேயே தொங்குகிறது, அதை மாட்டியவளே நான்தான். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஜெபிக்கிறவளுக்கு எதுக்கு அம்மா கவலை, கவலைப்படுகிறவள் எதுக்கு ஜெபிக்கணும், ரெண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று. எதுகை மோனையோடு சொல்வேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் எப்படி மூச்சு விட்டார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வேலைக்காகக் காத்திருக்கும் அந்தத் தம்பிக்கு நல்ல வழி காட்டும் ஆண்டவரே. குடிக்கிற அந்த அண்ணனை விடுவியும். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்கிறது. அலமாரியில் துவைத்து மடித்த அங்கிகளிலிருந்து அந்துருண்டை வாசனை. இரண்டு முப்பத்தெட்டு.

அவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார். சாப்பிட்டிருப்பாரா. காலையில் இரண்டு இட்லி வைத்தேன், ஒன்றரையைத் தின்றுவிட்டு, போதும்ட்டி, காலையிலேயே கனமா இருக்கு என்றார். மீதி அரை இட்லியை நான் பார்க்காத நேரம் பார்த்து வெளியே காக்கைக்குப் போட்டார். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி சட்னிப் பாத்திரத்தைக் கழுவினேன். எங்கள் இரண்டு பேருக்கும் இப்போது இதுதான் வேலை, அவர் வலிக்காத மாதிரி இருக்கிறார், நான் தெரியாத மாதிரி இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவில் பேஸ் என்கிற கீழ்க்குரலில் பாட நிற்கிறார். முன்பு ஒரு கையை மட்டும் பெஞ்சில் ஊன்றியிருப்பார், போன வாரம் இரண்டு கையையும் ஊன்றியிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் சபைச் செயலர் அவர் தோளில் தட்டி, நம்ம சபைக்கு நடமாடுற சாட்சில்லா நீங்க என்றார். தட்டிய தட்டில் அவர் முகம் ஒரு நொடி கோணியது, அப்புறம் சிரித்தார். நடமாடுகிற சாட்சி. அப்படி அவரை நிறுத்தி வைத்தது யார். நான்.

பிப்ரவரி கன்வென்ஷன், சபையின் நற்செய்திக் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், மூன்றாம் நாள், ஜனம் நிறைந்து வழிகிறது. ஆறு தடவை மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, திரும்ப முளைத்து, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்து பத்து நாள் ஆகியிருந்தது. டாக்டர், இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். இப்போதைக்கு என்ற சொல்லை நான் மேடைக்குக் கொண்டுபோகவில்லை. அது வாசற்படியிலேயே நின்றுவிட்டது. கடவுள் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல மைக்கைப் பிடித்ததும் எனக்கு ஒரு வேகம் வரும், அது அன்றைக்கும் வந்தது. என் புருஷனின் உடம்பில் வியாதியின் தடமே இல்லை, மனுஷன் கைவிட்டதை என் தேவன் எடுத்து நிறுத்தினார் என்றேன். மனுஷன் ஒன்றும் கைவிடவில்லை, அந்த டாக்டர் சாப்பிடாமல்கூட எங்களுக்காக நின்றிருக்கிறார், ஆனால் அப்படிச் சொன்னால்தான் சாட்சி எடுபடும். அதோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. நாங்கள் முழு விசுவாசத்தோடு கேட்டோம், முழுசாகக் கொடுத்தார், அரைகுறையாகக் கேட்கிறவர்களுக்கு அரைகுறையாகத்தான் கிடைக்கும் என்றேன். பந்தல் முழுக்க அல்லேலூயா. அந்தச் சத்தத்தில் நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். மேடையேறும்போது நான் பார்த்திருந்த அதே இடத்தில் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுத் தரையில் விரித்திருந்த தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் ஷைனி போய் அப்போது ஆறு மாதம். பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம், டெங்குக் காய்ச்சல், பதினோராவது நாள் போய்விட்டாள். அவளுக்கும் இதே சபை ராத்திரி பகலாகச் சங்கிலி ஜெபம் வைத்தது. நானும் இரண்டு தடவை உட்கார்ந்தேன். சுகிர்தா எப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாதா. ஐசியு வாசலில், ஆட்கள் செருப்புக் காலோடு போகிற தரையில், நெற்றியை முட்டி முட்டிக் கேட்டாள். நர்ஸ் வந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவள்தான் மேடையேறி அரைகுறை என்றேன்.

கூட்டம் முடிந்து அவள் என்னைத் தேடி வந்தாள். நான் கொஞ்சம் பயந்தேன், ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று. அவள் என் இரண்டு கையையும் பிடித்து, சந்தோஷமா இருக்குக்கா, அண்ணன் நல்லா இருக்கணும் என்றாள். அவ்வளவுதான். கை சூடாக இருந்தது. நான் பதிலுக்கு, எல்லாம் அவர் கிருபைம்மா என்று சொல்லிவிட்டு வேறு யாரோ கூப்பிட்ட பக்கம் திரும்பிக்கொண்டேன். அதிலிருந்து இன்றுவரை அவளோடு தனியாக ஒரு நிமிடம் நிற்காமல் பார்த்துக்கொண்டேன். கடைத்தெருவில் வந்தால் அடுத்த கடைக்குள் நுழைந்துவிடுவேன். அவள் சங்கிலி ஜெபத்தை விடவில்லை, பிள்ளையை அடக்கம் பண்ணின அடுத்த மாதமே வந்து தன் அரைமணி நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், நாலரை மணி. எப்பேர்ப்பட்ட விசுவாசம் பாருங்கள் என்று எல்லாரும் பேசினார்கள். இன்றைக்கு மூன்று மணிக்கு அவள் வந்து என் பக்கத்தில் முழங்காலிடுவாள், வழக்கப்படி இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கிருபை என்கிற முடிவு ஜெபத்தைச் சொல்ல வேண்டும், பிறகு அவள் நோட்டைத் திருப்பி ஏழாவது வரியை வாசித்து நன்றி சொல்வாள். தன் பிள்ளையைக் கொடுக்காதவருக்கு, என் புருஷனைக் கொடுத்ததற்காக. அதுவும் இல்லாத ஒன்றுக்காக. இயேசுவே. மூச்சு. இரண்டு நாற்பத்தைந்து.

என் புருஷன், அவர்தான் வேண்டாம் என்றார். டாக்டர், உடனே மருந்து ஏத்த ஆரம்பிக்கணும், ஒரு வாரம்கூடத் தள்ளாதீங்க, அடுத்த திங்கட்கிழமையே அட்மிட் ஆகிடுங்க என்றார். அவர்தான், இல்ல எப்சி, இப்ப போனா முடி கொட்டும், எல்லாருக்கும் தெரிஞ்சிரும், நவம்பர்ல சபைச் சாப்பாடு, அசனப் பண்டிகை எல்லாம் முடியட்டும், உன் சாட்சி கீழ விழக் கூடாது என்றார். அவர்தான் சொன்னார். நேற்றும் சொன்னார், முந்தாநாளும் சொன்னார். நான் என்ன செய்வேன், அவர் பிடித்தால் பிடித்ததுதான், முப்பது வருஷமாக எனக்குத் தெரியாதா. கர்த்தருடைய நாமத்துக்கு இழுக்கு வரக் கூடாது என்று நினைக்கிற மனுஷன், பக்தியுள்ள மனுஷன். சபைப் பத்திரிகையில் எங்கள் போட்டோ போட்டிருந்தது, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு, அதைப் பார்த்துத் தூரத்து ஊரிலிருந்து ஒருவர், உங்கள் சாட்சியால் நான் தற்கொலை எண்ணத்தை விட்டேன் என்று கடிதம் எழுதியிருந்தார். அந்த ஆளுக்கு என்ன பதில் சொல்வது. அவர் அதைத்தான் யோசித்திருப்பார். அவர்தான் சொன்னார். இதை எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறேன். சர்க்கரைப் புண் ஆற வேண்டும் ஆண்டவரே. அரியர்ஸ் தீர வேண்டும்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு குழாயடி இருந்தது. போன வருஷம் முதல் தடவை அவருக்குக் கண்டுபிடித்த நாள். அவரை ஏதோ பரிசோதனைக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள், நான் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்தேன், பாட்டில் நிறைந்து வழிந்து என் காலெல்லாம் நனைந்து ஓடுகிறது, குழாயை மூட எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே சிமென்ட் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபிக்கவில்லை, ஜெபிக்கவே வரவில்லை. அப்பா என்று மட்டும் ஒரு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன், அதுவும் சத்தமில்லாமல். அப்போது யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆள் யாரும் இல்லை, திரும்பிப் பார்த்தேன், தள்ளி ஒரு பெண் தூக்குவாளி கழுவிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் யாரோ இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிழைப்பான் என்று சொல்லவில்லை, பயப்படாதே என்றுகூடச் சொல்லவில்லை. சும்மா கூட இருந்தார். கொஞ்ச நேரத்தில் என் மூச்சு அதுபாட்டுக்குப் போய் வந்தது, நான் எழுந்து குழாயை மூடினேன். ஐம்பத்து நாலு வருஷத்தில் கடவுள் இவ்வளவு கிட்டத்தில் இருந்து எனக்கு வேறு ஞாபகமில்லை. அதை நான் கன்வென்ஷனில் சொல்லவில்லை. சொல்ல யோசித்தேன், அதில் என்ன இருக்கிறது, ஒருத்தி குழாயடியில் உட்கார்ந்தாள் என்றால் யார் அல்லேலூயா சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைத்தான் தூக்கிக் காட்டினேன். காகிதம் மாறிவிட்டது. குழாயடியில் இருந்தவர் மாறினாரா, அதைச் சொல்லும் எனக்கு. மாறவில்லை என்றால் இந்த மூன்று வாரம் எங்கே போனீர். நான் எத்தனை அழகாக ஜெபித்தேன், காலையும் மாலையும், கண்ணீரோடு, வசனத்தோடு. ஒரு தடவைகூட நீர் பக்கத்தில் வந்து உட்காரவில்லையே.

வந்திருந்தால் எதைச் சொல்லியிருப்பேன். அவர்தான் வேண்டாம் என்றார் என்று சொல்லியிருப்பேன். அதனால்தான் வரவில்லையா. பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான், மடியில் ரிப்போர்ட் உறை. டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம். கோவில்பட்டி தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். அவர் கேட்டார். அவர்தான் முதலில் பேசினார், ஆமாம், ஆனால் வேண்டாம் என்று பேசவில்லை. திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவோம் எப்சி, போன தடவை எடுத்த ரூம் கிடைக்குமான்னு போன் பண்ணிக் கேளு என்றார். கேட்டார். அவர் போகத் தயாராக இருந்தார். ஒரு சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற மாதிரி, என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்றுகூடக் கேட்டார். நான், நான்தான், பண்டிகை முடியட்டுமே அத்தான் என்றேன். சாட்சி சொல்லி ஒரு வருஷம்கூட ஆகல்ல, இப்பப் போய்ப் படுத்தா எல்லாரும் என்ன சொல்லுவாக என்றேன். கர்த்தர் மறுபடியும் செய்வாரு, ரெண்டு மாசம் விசுவாசமா இருந்து பாப்போம் என்றேன். விசுவாசம் என்ற சொல்லை எடுத்து என் வெட்கத்தை மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சரி என்றார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அதைத் தன் வார்த்தையாக்கிக்கொண்டார். நான் ஒரு நாளும் என்னையே குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று, அவரே முந்திக்கொண்டு, உன் சாட்சி கீழ விழக் கூடாது எப்சி என்று சொல்ல ஆரம்பித்தார். இருபத்துமூன்று நாள். ஒவ்வொரு நாளும் உள்ளே அது வளர, அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாட, நான் அவர் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறேன். என் பெயர் கெடாமல் இருக்க என் புருஷனைச் சாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டவரே. இதுதான். இதைத்தான் சொல்லாமல் ஊரையெல்லாம் சுற்றி வந்தேன்.

அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் செத்துப்போவார் என்று பயம். அவர் இல்லாத வீட்டில் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே நுழைய வேண்டும் என்று பயம். சபை என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று பயம், அதைவிட, இத்தனை பெரிய பயத்துக்குப் பக்கத்தில் அந்த அற்பப் பயமும் உட்கார்ந்திருக்கிறதே என்று வெட்கம். எனக்கு விசுவாசம் இல்லை. இருப்பதாக நடித்து நடித்துப் பழகிவிட்டது. சுகப்படுத்தும் என்று கேட்க எனக்கு வாயில்லை. கூட மட்டும் இரும். நான் செய்த காரியத்தைத் தெரிந்துகொண்டே கூட இருக்க முடியுமானால் இரும். தலை தன்னால் குனிந்து மேசையின் விளிம்பில் முட்டுகிறது. மரம் சில்லென்று இருக்கிறது. விசிறி டக், டக். வெளியே பள்ளிக்கூடத்தில் ஏதோ வகுப்பு ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்கிறது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் தெரியவில்லை. ஒரு மூச்சு முழுதாக உள்ளே போய் முழுதாக வெளியே வருகிறது. அப்புறம் இன்னொன்று. பயம் போய்விடவில்லை, இருக்கிறது, ஆனால் அதோடு நான் தனியாக இல்லை. மதுரையில் வந்த மாதிரியே, ஒன்றும் சொல்லாமல். ஒன்றும் சொல்லாவிட்டாலும் எனக்கு இனி என்ன செய்ய வேண்டும் என்பது தெரிகிறது. தெரிந்ததும் அழுகை வருகிறது, ஏனென்றால் இருபத்துமூன்று நாளைத் திரும்பக் கேட்க முடியாது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். இரண்டு ஐம்பத்தெட்டு. சுகிர்தா வெள்ளைச் சேலையின் தலைப்பைத் தலைக்கு இழுத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் முழங்காலிடுகிறாள். கையை நீட்டுகிறாள். பிடித்துக்கொள்கிறேன். கிருபையை இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறோம், அவள் குரல் மெல்லிசாக, என் குரல் கரகரப்பாக. பிறகு எல்லாரும் கேட்பதைத்தான் அவளும் கேட்கிறாள்.

“புதுசா ஏதும் விண்ணப்பம் உண்டாக்கா?”

இல்லை, நோட்டில் இருப்பதுதான் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவது வழக்கம்.

“உண்டு சுகிர்தா. எங்க அத்தானுக்குத் திரும்ப வந்துட்டு.”

அவளுக்குப் புரியவில்லை. “எது வந்துட்டு?”

“அந்தக் கட்டி. பழைய இடத்துலேயே. ஸ்கேன் எடுத்து மூணு வாரம் ஆச்சு.”

“மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சா?”

“இல்ல. அவுக போவோம்னுதான் சொன்னாக. நாந்தான் தடுத்தேன். சாட்சி சொன்னேன்லா, அதுக்காக.” நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது, அதனால் நிறுத்தாமல் சொல்கிறேன். “அன்னைக்கு மேடையில அரைகுறையாக் கேக்கிறவங்கன்னு சொன்னேன்ல. நீ முன்னால இருக்கேன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். நீ தரையில முட்டிக் கேட்டதை என் கண்ணால பாத்திருக்கேன். பாத்துட்டுந்தான் அப்படிச் சொன்னேன்.”

அவள் கையை உருவிக்கொள்வாள் என்று காத்திருக்கிறேன். உருவவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“தெரியும்க்கா” என்கிறாள். அப்புறம், “அண்ணனை நாளைக்குக் காலையிலயே கூட்டிட்டுப் போங்க. திங்கட்கிழமை வரைக்கும் பாக்காதீய. இங்க யாரு என்ன சொன்னா நமக்கென்ன. நான் வேணா துணைக்கு வாரேன்.”

“உனக்கு என்மேல கோவம் இல்லியா?”

“இருக்கு” என்கிறாள். “ரொம்ப இருக்கு. அது ஒரு பக்கம் கிடக்கட்டும்.” தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள். “நானும் ஒண்ணு சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லீராதீய. ஷைனி போனதுக்கப்புறம் மாசாமாசம் இங்க வாரேன்ல, ஒரு நாளும் ஜெபம் பண்ணுனதில்ல. நோட்டைத் திறக்கிறதே இல்ல. கேட்டுக் கிடைக்காம போன வாயி, மறுபடி எதைக் கேக்கும். அரைமணி நேரமும் அந்தச் செவத்தைப் பாத்துட்டு இருந்துட்டுப் போவேன். எல்லாரும் என்னைப் பெரிய விசுவாசின்னு நெனச்சுக்கிட்டு இருக்காக.”

“பின்ன எதுக்கு வார?”

“வீட்டுல அவ ரூமு அப்படியே இருக்குக்கா. இங்க இருந்தா யாரோ கூட இருக்க மாதிரி இருக்கும். ஆண்டவர்கூட நான் பேச மாட்டேன். ஆனா அவர் இருக்கட்டும்னு விட்டிருக்கேன்.”

கடிகாரம் மூன்றைத் தாண்டிவிட்டது. என் நேரம் முடிந்துவிட்டது, நான் எழுந்து போக வேண்டும். எழ முடியவில்லை. சுகிர்தா கண்ணை மூடுகிறாள். என் கை இன்னும் அவள் கைக்குள்தான் இருக்கிறது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, தொண்டையைச் செருமிக்கொள்கிறாள், மறுபடியும் முயற்சி செய்கிறாள்.

“ஆண்டவரே,” என்கிறாள். நின்றுவிடுகிறாள். “ஆண்டவரே, என் புள்ளையக் கேட்டேன். நீர் தரல்ல. ஏன்னு இன்னமும் எனக்குச் சொல்லல்ல. அதை நான் இப்பக் கேக்க வரல்ல. இந்த அக்கா வீட்டுக்காரரைக் கேக்கேன். அவரையாவது தாரும்.”

அவ்வளவுதான் ஜெபம். ஆமென் சொல்ல வேண்டியவள் நான். அழுகையில் எனக்கு வாய் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுகிர்தாவே எனக்கும் சேர்த்துச் சொல்கிறாள்.